ஏபி ஆங்கில இலக்கிய வகுப்பு: பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு உழைப்பு கேட்கும்?

கேள்வி (பெற்றோர், டெக்சாஸ்)

வணக்கம். மகள் ஆகஸ்ட்டில் பன்னிரண்டாம் வகுப்பு போகிறாள். ஏபி இங்கிலிஷ் லிட்ரேச்சர் (உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி மட்டத்தில் நடக்கும் இலக்கிய வகுப்பு, மே மாதம் பொதுத் தேர்வு உண்டு) எடுத்திருக்கிறாள். பள்ளியிலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு எதிர்பார்ப்புக் கடிதம் வந்திருக்கிறது. மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கோடையில் இரண்டு புத்தகம். பள்ளி திறந்த முதல் வாரமே அவற்றின் மேல் வகுப்பில் உட்கார்ந்து எழுதும் கட்டுரை. ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பு நோட்டு. வாரம் ஒருமுறை நேரம் வைத்துக் கட்டுரை. கலந்துரையாடலில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண். தாமதமாகக் கொடுத்தால் மதிப்பெண் இல்லை. ஏஐ பயன்படுத்தினால் பூஜ்யம். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

அதே ஆண்டில் ஏபி கால்குலஸ் பிசி, ஏபி பிசிக்ஸ், காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் இருக்கின்றன. என் கேள்விகள்: தினம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? பதினொன்றாம் வகுப்பில் ஏபி லாங் (ஆங்கில மொழி வகுப்பு) நன்றாகச் செய்தவளுக்கு லிட் (இந்த இலக்கிய வகுப்பு) எளிதாக இருக்குமா? கதை அவளுக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் கட்டுரை திரும்பி வரும்போது ஓரத்தில் "கதைச்சுருக்கம்தான் எழுதியிருக்கிறாய்" என்றே குறிப்பு வருகிறது. இதை எப்படிச் சரிசெய்வது? எனக்கு ஆங்கில இலக்கியம் தெரியாது. வீட்டில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில் 1 (உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர், நியூ ஜெர்சி)

கடிதம் கடுமையாகத் தெரிந்தாலும் அதில் வீணான வரி எதுவும் இல்லை. மே மாதத் தேர்வைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏன் என்று விளங்கும்.

தேர்வு மூன்று மணி நேரம். முதல் 60 நிமிடத்தில் 5 கதை, கவிதைப் பகுதிகள் கொடுத்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 55 கேள்விகள். இதற்கு 45 சதவீதம். அடுத்த 120 நிமிடத்தில் 3 கட்டுரைகள். இதற்கு 55 சதவீதம். முதல் கட்டுரை முன்பின் பார்க்காத ஒரு கவிதை மேல். இரண்டாவது ஒரு கதைப் பகுதி மேல். மூன்றாவதில் ஒரு கருத்தைக் கொடுத்து, நீ படித்த ஒரு முழு நாவலையோ நாடகத்தையோ வைத்து வாதிடு என்பார்கள். உதவிக்கு நூல்களின் பட்டியல் ஒன்று இருக்கும், பட்டியலுக்கு வெளியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் புத்தகம் கையில் இருக்காது. செப்டம்பரில் படித்ததை மே மாதத்தில் காட்சி காட்சியாக நினைவிலிருந்து எழுத வேண்டும். குறிப்பு நோட்டு கேட்பது இதற்காகத்தான். கட்டுரைக்கு 40 நிமிடம்தான் கிடைக்கும் என்பதால்தான் வாரா வாரம் நேரம் வைத்து எழுதச் சொல்கிறார்கள்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 300 பக்க நாவலுக்குப் பெரும்பாலும் மூன்று வாரம் கொடுப்பார்கள், அதாவது 15 பள்ளி நாள், நாளுக்கு 20 பக்கம். பென்சிலோடு படித்தால் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் ஆகும். ஆக 50 நிமிடம். வார இறுதியில் கட்டுரை திருத்தம், நோட்டு சரிபார்ப்பு என்று ஒன்றரை மணி. மொத்தம் வாரத்துக்கு ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி வரை. கவிதை நடக்கும் வாரங்களில் பக்கம் குறையும், ஆனால் 14 வரியை நாலு தடவை படிக்க வேண்டியிருக்கும். நேரம் பெரிதாக மிச்சமாகாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த 50 நிமிடத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தள்ளிப்போடும்போது. நாலாம் நாள் 80 பக்கம் நிற்கும், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். மறுநாள் பிசிக்ஸ் பரீட்சை என்றால் யாரும் அவ்வளவு படிக்க மாட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் அத்தியாயச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள். ஒருமுறை அப்படி வந்தவர்களுக்கு அடுத்த வாரமும் அதே வழிதான் தெரியும். திறமை இருந்தும் இந்த வகுப்பில் சறுக்கும் பிள்ளைகளில் பாதிக்குமேல் இந்த ஒரே வழியாகத்தான் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் கால்குலஸுக்கு முன்னால் வாசிப்பை வைக்கச் சொல்லுங்கள். கணக்கை அரைத் தூக்கத்தில்கூட ஓரளவு போட்டுவிடலாம். நாவலைத் தூக்கத்தோடு படித்தால் பக்கம் நகரும், ஒன்றும் தங்காது.

கோடைப் புத்தகங்களில் ஒன்றை ஜூனில் முடிக்கலாம். இரண்டாவதைப் பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பாகத் தொடங்கி, திறப்பதற்கு மூன்று நாள் முன்பாவது முடித்துவிடட்டும். கடைசி மூன்று நாளில் இரண்டு நோட்டையும் புரட்டினால் போதும். இரண்டையும் ஜூனிலேயே முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட்டில் பாத்திரங்களின் பெயர்கூட மறந்துபோகும்.

இன்னொன்று, 2025 முதல் இந்தத் தேர்வு, ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் புளூபுக் செயலியில் கணினியில் நடக்கிறது. ஏஐ பயத்தால் பல ஆசிரியர்கள் வகுப்புக் கட்டுரையைக் கையால் எழுத வைக்கிறார்கள், அது சரியான முடிவுதான். ஆனால் ஜனவரிக்குப் பிறகு மாதம் இரண்டு கட்டுரையாவது தட்டச்சில், 40 நிமிடம் வைத்து எழுதிப் பழக வேண்டும்.

பதில் 2 (கட்டுரைப் பயிற்சி ஆசிரியர், கலிஃபோர்னியா)

"கதைச்சுருக்கம்" என்ற குறிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, சான்றும் விளக்கமும் சேர்த்து 4, நுட்பமான சிந்தனைக்கு 1. நடுவில் இருக்கும் அந்த 4 தான் கட்டுரையின் உயிர். கதையைப் பொதுவாகத் திருப்பிச் சொன்னால் அதில் 1 கிடைக்கும். குறிப்பான இடங்களைச் சுட்டி, சிலவற்றுக்கு மட்டும் விளக்கம் சொன்னால் 2. ஒரு வாதம் படிப்படியாக நகர்ந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று இருந்தால் 3. ஒவ்வொரு சான்றும் அந்த வாதத்தை எப்படித் தாங்குகிறது என்று விடாமல் விளக்கினால் 4.

நம்மவர்களுக்கு இதை இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். திருக்குறளுக்குப் பொழிப்புரை ஒன்று, விளக்கவுரை ஒன்று. "இதன் பொருள் இது" என்று சொல்லி நிறுத்துவது பொழிப்புரை. இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல், வேறு சொல் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பரிமேலழகர் துருவுவது விளக்கவுரை. உங்கள் மகள் நல்ல பொழிப்புரை எழுதுகிறாள். தேர்வு விளக்கவுரை கேட்கிறது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவல். அறிவியல் மாணவன் விக்டர் படைத்த உருவம் ஒரு குடிசைக் குடும்பத்தை மாதக்கணக்கில் மறைந்திருந்து பார்க்கிறது. இளையவர்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, கண் தெரியாத முதியவர் டி லேசியிடம் போய்ப் பேசுகிறது. முகத்தைப் பார்த்து முடிவு செய்ய என்னால் முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை தெரிகிறது என்கிற பொருளில் அவர் பதில் சொல்கிறார். மகன் ஃபீலிக்ஸ் திரும்பி வந்ததும் அதைக் கம்பால் அடித்துத் துரத்துகிறான்.

முதல் வகை எழுத்து: "உருவம் முதியவரிடம் பேசுகிறது. அவர் அன்பாக நடத்துகிறார். ஃபீலிக்ஸ் வந்து அடிக்கிறான். இதனால் உருவம் மனம் உடைகிறது." இது கதை. படித்துவிட்டாள் என்று மட்டும் தெரிகிறது.

இரண்டாம் வகை: "டி லேசி பார்வையற்றவர் என்பதால்தான் உருவத்தை மனிதராக நடத்துகிறார். சமூகம் தோற்றத்தை வைத்தே தீர்ப்பு சொல்கிறது என்பதை ஷெல்லி காட்டுகிறார்." கருத்து வந்துவிட்டது, சான்றும் இருக்கிறது. ஆனால் அந்த நூலைப் படித்த யாரும் சொல்லக்கூடிய கருத்து.

மூன்றாம் வகை: "இந்தக் காட்சியை உருவமே விக்டரிடம் சொல்கிறது, விக்டர் அதைக் கப்பல் பயணி வால்டனிடம் சொல்கிறான், வால்டன் கடிதமாக எழுதுவதைத்தான் நாம் படிக்கிறோம். அந்த முகத்தை நாமும் பார்ப்பதில்லை, பேச்சை மட்டும் கேட்கிறோம். கதைக்குள் கதையாக வைத்ததன் மூலம் ஷெல்லி வாசகரை டி லேசியின் நாற்காலியிலேயே உட்கார வைக்கிறார். அதனால் ஃபீலிக்ஸின் அடி, நாம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மேல் விழுகிறது." சம்பவம் அதேதான். நூல் கட்டப்பட்ட விதத்தை எடுத்து அர்த்தத்தோடு இணைத்ததும் எழுத்து வேறு இடத்துக்குப் போய்விட்டது.

இதைப் பழக்கும் கருவிதான் அந்தக் குறிப்பு நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கட்டும். இடது பக்கம் நூலின் ஒரு வரியும் பக்க எண்ணும். வலது பக்கம் மூன்று வாக்கியம்: என்ன நடக்கிறது என்று ஒன்று, எழுத்தாளர் எந்தச் சொல்லால் அல்லது எந்த அமைப்பால் அதைச் செய்கிறார் என்று ஒன்று, இல்லாவிட்டால் என்ன இழப்பு என்று ஒன்று. முதல் வாக்கியத்தோடு நின்றுவிடும் பழக்கத்தை மூன்றாவது வாக்கியம்தான் உடைக்கும். 20 பக்கத்துக்கு இரண்டு குறிப்பு போதும். பத்துப் பன்னிரண்டு எழுத ஆரம்பித்தால் எல்லாம் ஒரு வரி ஆகி, நோட்டு தடிமனாக மட்டும் இருக்கும். மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கப் பூசுவதும் அப்படித்தான். பிறகு எடுத்துப் பார்த்தால் ஏன் பூசினோம் என்றே தெரியாது.

மையக் கருத்துக்கான 1 மதிப்பெண் எளிது, ஆனால் கேள்வியையே திருப்பி எழுதினால் கிடைக்காது. "இக்கவிதையில் கவிஞர் உவமை, படிமம், தொனி ஆகியவற்றால் சிக்கலான உணர்வைக் காட்டுகிறார்" என்று ஆரம்பித்தால் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். எந்த உணர்வு, அதில் என்ன சிக்கல் என்று சொல்ல வேண்டும். நுட்பத்துக்கான 1 மதிப்பெண்ணைத் துரத்த வேண்டாம். அலங்காரமான சொற்களால் அது வராது. மற்றவை சரியாக அமைந்தால் சில சமயம் தானாக வரும்.

பதில் 3 (முன்னாள் ஏபி மாணவர், இப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம்)

ஆன்ட்டி, லாங், லிட் வித்தியாசம் பற்றிச் சொல்கிறேன். லாங்கில் பேச்சு, கட்டுரை, கடிதம் மாதிரி எழுத்துகள்தான் அதிகம். எழுதியவர் யாரை எதற்காக இணங்க வைக்கிறார் என்பதே கேள்வி. நேரம் வைத்து எழுதும் தைரியம் அங்கிருந்து வரும், அது பெரிய லாபம். ஆனால் உங்கள் மகள் கவிதை அங்கே பழகியிருக்க மாட்டார். லாங் நன்றாகச் செய்தவர்கள் லிட்டில் தடுமாறும் இடம் அதுதான். கவிதையையும் "கவிஞர் வாசகரை இணங்க வைக்கிறார்" என்று எழுதிவிடுவார்கள்.

கவிதையில் பேசுபவர் வேறு, கவிஞர் வேறு. குறுந்தொகையில் பாட்டுக்கு மேலே "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கம் இருந்தால் போதும். ஆங்கிலக் கவிதைக்கு மேலேயும் முதல் வாசிப்பில் பென்சிலால் "யார் கூற்று, யாரிடம், எந்தச் சூழலில்" என்று எழுத வேண்டும். இரண்டாவது வாசிப்பில் வரி முடிவில் நிற்காமல் முற்றுப்புள்ளி வரை படிக்க வேண்டும். பொருள் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் வரிக்கு வரி நிற்பதுதான் காரணம். மூன்றாவதில் திருப்பத்தைத் தேட வேண்டும்: "ஆனால்", "இருந்தும்", "இப்போது" மாதிரி ஒரு சொல்லில் கவிதை திரும்பும், அல்லது காலம் மாறும், அல்லது நீள வாக்கியங்கள் திடீரென்று குறுகும். திருப்பத்துக்கு முன் ஒரு பத்தி, பின் ஒரு பத்தி என்று கட்டுரையைப் பிரித்தாலே வாதத்துக்கு ஒரு ஓட்டம் கிடைத்துவிடும். உவமைக்கு ஒரு பத்தி, எதுகைக்கு ஒரு பத்தி என்று பிரித்தால் கட்டுரை மளிகைப் பட்டியல் மாதிரி ஆகிவிடும்.

40 நிமிடத்தில் 10 நிமிடம் படிக்கவும் திட்டமிடவும், 26 அல்லது 27 நிமிடம் எழுத, மிச்சம் திருத்த. படிக்கும் 10 நிமிடத்தை 4 ஆகக் குறைத்தால், பாதியில் கருத்து மாறி முன்பத்தியும் பின்பத்தியும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

55 கேள்விகளுக்கு ஒரு பகுதிக்கு 12 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். தவறான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் காலியாக விடக்கூடாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, மூவருக்கும். அக்டோபரில் அப்ளிகேஷன் கட்டுரைகளும் சேரும்போது மூச்சு முட்டினால் வகுப்பை விட்டுவிடலாமா? கல்லூரியில் கிரெடிட் (கல்லூரிப் பாடம் ஒன்றை முடித்ததாகக் கணக்கு) கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வதால்தான் எடுத்தாள்.

பதில் 4 (பள்ளி ஆலோசகர், இல்லினாய்)

விடுவதாக இருந்தால் பள்ளி திறந்த முதல் சில வாரங்களுக்குள் விடுங்கள். வகுப்பு மாற்றத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும். அதை இன்றே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகு விலகினால் மதிப்பெண் சான்றில் அது தெரியக்கூடும். அப்ளிகேஷனில் இந்த வகுப்பைக் காட்டிவிட்டுப் பிறகு விலகினால், விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். நவம்பரில் எடுக்கும் முடிவு ஆகஸ்ட் முடிவைவிட விலை அதிகம்.

அக்டோபர் நெருக்கடி உண்மை. முன்விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பல கல்லூரிகளில் நவம்பர் 1. முக்கியமான தனிக்கட்டுரையைப் பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு முழு வரைவாவது முடித்துவிட்டால், அக்டோபரில் சிறு கட்டுரைகள் மட்டும் மிஞ்சும். அந்த மாதம் எந்த நாவல், கட்டுரை எந்த வெள்ளிக்கிழமை என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்கலாம். கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். "முடியவில்லை, இரண்டு நாள் கொடுங்கள்" என்று கெடு முடிந்தபிறகு கேட்பதுதான் எடுபடாது.

கிரெடிட்டை மட்டும் நம்பி இந்த வகுப்பை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். தேர்வு மதிப்பெண் 1 முதல் 5 வரையான அளவில். எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை கிரெடிட் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; சில இடங்களில் லாங், லிட் இரண்டும் ஒரே எழுத்துப் பாடத்துக்குத்தான் கணக்காகும். லாங்கில் ஏற்கெனவே நல்ல மதிப்பெண் இருந்தால் லிட் கூடுதலாக எதுவும் தராமல் போகலாம். அவள் போக நினைக்கும் ஐந்தாறு கல்லூரிகளின் ஏபி கிரெடிட் பக்கத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு அவளிடம் ஒரே ஒரு கேள்வி: கிரெடிட் இல்லையென்றாலும் இந்தப் புத்தகங்களைப் படிக்க விருப்பமா? தயங்காமல் ஆம் என்றால் தொடரட்டும். இல்லையென்றால் வழக்கமான பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பதில் 1 (மீண்டும்)

வீட்டில் என்ன செய்யலாம் என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. நீங்கள் நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய 20 பக்கத்தை ஐந்து நிமிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கேள்வி: இன்று யார் யாரிடம் எதை மறைத்தார்கள்? எந்தப் பொருளோ சொல்லோ திரும்பத் திரும்ப வந்தது? உண்மையில் படித்தவருக்கு இரண்டாவது கேள்விக்கு ஏதாவது பதில் இருக்கும். சுருக்கத்தை மட்டும் பார்த்தவருக்குக் கதை தெரியும், திரும்பி வரும் சொல் தெரியாது. வேறு மொழியில் சொல்லும்போது ஆங்கிலச் சொற்றொடரை அப்படியே ஒப்பிக்க முடியாது, புரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் தமிழ் இங்கே நிஜமாகவே உதவுகிறது.

பள்ளிப் பிரதியில் எழுத விட மாட்டார்கள். சொந்தமாக ஒரு பழைய பிரதி வாங்குங்கள், இல்லையென்றால் ஒட்டுச்சீட்டு. வாசிக்கும் நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கட்டுரையை நீங்கள் திருத்த வேண்டாம். வழிகாட்டிப் புத்தகங்கள் அடுக்கடுக்காக வாங்கவும் வேண்டாம். முந்தைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகள், மாணவர் எழுதிய மாதிரிகள், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கம் எல்லாம் காலேஜ் போர்டு தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரே கேள்விக்கு எழுதிய மூன்று மாதிரிகளை மதிப்பெண்ணை மறைத்துவிட்டுப் படித்து, அவளே மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடட்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

கேள்வி கேட்டவர்

கோடைப் பட்டியலில் இருக்கும் இரண்டில் ஒன்று ஃபிராங்கன்ஸ்டைன்தான்! வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது. ஆனால் மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆசிரியர் கொடுத்த தாளில் 24 அத்தியாயம் என்று இருக்கிறது. அதையே படிக்கலாமா?

பதில் 2 (மீண்டும்)

உங்களிடம் இருப்பது 1818 பதிப்பில் வந்த வடிவம். ஆசிரியர் சொல்வது ஷெல்லி திருத்தி வெளியிட்ட 1831 பதிப்பு. அத்தியாய எண் மட்டும் என்றால் கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம்: இரண்டாம் பாகத்தின் எண்ணோடு 8 கூட்டுங்கள், மூன்றாம் பாகத்தின் எண்ணோடு 17 கூட்டுங்கள். டி லேசி காட்சி உங்கள் பிரதியில் இரண்டாம் பாகம் 7, ஆசிரியர் தாளில் 15.

ஆனால் உள்ளடக்கமும் மாறியிருக்கிறது. 1818இல் எலிசபெத் விக்டரின் அத்தை மகள். 1831இல் அவள் இத்தாலியில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட அநாதைக் குழந்தை. முதல் வாரக் கட்டுரையில் அவளை உறவுப் பெண் என்று எழுதினால், உங்கள் மகள் நூலைச் சரியாகப் படிக்கவில்லை என்றே ஆசிரியர் நினைப்பார். 1831 பிரதி ஒன்று நூலகத்தில் எளிதாகக் கிடைக்கும், அதிலேயே படிக்கட்டும். குறிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்று ஆண்டோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.